ஒரு வணக்கத்திற்குப் பன்னிரண்டு சொற்கள்: மாணவர்களின் முதல் கணினி நிரல் சுருங்குகிறது

கோலா தெர்லா — திரையில் ஒரே ஒரு வரி தெரிய வேண்டும்: "வணக்கம், கோலா தெர்லா!" வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் எடுத்த மாணவர், ஜாவா மொழியில் அந்த வரியை வரவழைக்க, அதைச் சுற்றிப் பன்னிரண்டு சொற்களைத் தட்டச்சு செய்தாக வேண்டும். அவற்றோடு இரண்டு சோடி நெளிவு அடைப்பு, ஒரு சோடி சதுர அடைப்பு, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஓர் எழுத்து பிசகினாலும் திரையில் சிவப்பு வரிகள் வந்து நிற்கும்.

"இது ஏன் சார்?" என்று பிள்ளை கேட்டால், வகுப்பில் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள், பிறகு புரியும்." ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சொற்களை முதல் நாளில் விளக்கப் போனால் வணக்கம் சொல்வதற்குள் மணி அடித்துவிடும்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு இந்த முதல் நாள் இன்னும் கொஞ்சம் கனமானது. பாடநூல் மலாய்மொழியில் இருக்கிறது. நிரலை அது 'அத்தூர் சாரா' என்று சொல்கிறது. நிரலுக்குள் இருக்கும் சொற்களோ ஆங்கிலம். யோசிப்பது தமிழில். கொழுந்து பறித்த பாட்டியிடமோ லாரி ஓட்டும் அப்பாவிடமோ "பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் என்றால் என்ன?" என்று கேட்க முடியாது. முதல் மாதத்திலேயே "இது நமக்கு வராது" என்று முடிவெடுத்துப் பாடத்தை மாற்றிக்கொள்ளும் பிள்ளை, உண்மையில் நிரல் எழுதிப் பார்த்துத் தோற்கவில்லை. வாசற்படியிலேயே திரும்பிவிடுகிறது.

அந்த வாசற்படியைத்தான் ஜாவாவை உருவாக்குவோர் இப்போது தாழ்த்தியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 16-ஆம் தேதி வெளியான ஜாவா 25 பதிப்பிலிருந்து, பன்னிரண்டு சொற்களுக்குப் பதில் நான்கு போதும்.

பழையது, புதியது

ஜாவா மொழியின் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறோம். பழைய வடிவம் இது:

பப்ளிக் கிளாஸ் வணக்கம் {
  பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்(ஸ்ட்ரிங்[] ஆர்க்ஸ்) {
    சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்லைன்("வணக்கம், கோலா தெர்லா!");
  }
}

புதிய வடிவம் இது:

வாய்ட் மெயின்() {
  ஐஓ.பிரிண்ட்லைன்("வணக்கம், கோலா தெர்லா!");
}

இரண்டும் திரையில் காட்டுவது ஒன்றையேதான். வேலைக்கு நேரடியாகத் தேவைப்படாமல், மொழியின் விதி கேட்பதால் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டிய இத்தகைய வரிகளைக் கணினித் துறையினர் 'பாய்லர்பிளேட்' என்பார்கள். இந்தச் சொல் அங்கே போனதே பத்திரிகை அச்சகத்திலிருந்துதான். அமெரிக்காவில் சிறு ஊர்ப் பத்திரிகைகளுக்கு, எழுத்துக் கோத்து முடித்த உலோகத் தகடுகளாகவே செய்திகள் அனுப்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது, வந்ததை அப்படியே அச்சில் ஏற்ற வேண்டும். தமிழில் 'சடங்கு வரிகள்' என்று சொன்னால் எளிதாகப் பிடிபடும்.

அந்தச் சடங்குச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. பப்ளிக் என்றால் வெளியிலிருந்து எவரும் இதைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. கிளாஸ் என்பது ஒன்றோடொன்று தொடர்புள்ள தகவல்களையும் செயல்களையும் போட்டு வைக்கும் கொள்கலன், அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அது பப்ளிக் ஆக இருந்தால் கோப்பின் பெயரும் அதே பெயராக இருக்க வேண்டும். சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடு உட்பட. புதிதாகப் படிப்போர் அதிகம் இடறி விழும் இடங்களில் இதுவும் ஒன்று. ஸ்டேட்டிக் என்பது, அந்தக் கொள்கலனை மாதிரியாக வைத்து ஒரு பொருளைத் தனியாக உருவாக்காமலே இதை இயக்கலாம் என்கிறது. பொருள் என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? வாய்ட் என்றால் வேலை முடிந்ததும் இது எந்த மதிப்பையும் திருப்பித் தராது. மெயின் என்பது தொடங்கும் இடம். ஸ்ட்ரிங், ஆர்க்ஸ் இரண்டும், நிரலை இயக்கும்போது வெளியிலிருந்து சேர்த்துத் தரும் சொற்களை வாங்கிக்கொள்ளும் பை. வணக்கம் சொல்லும் நிரலில் அந்தப் பை கடைசிவரை காலியாகவே இருக்கும். சிஸ்டம், அவுட் இரண்டும் எழுத்து எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பதைச் சொல்பவை.

ஆக, அந்தப் பன்னிரண்டில் முதல் நாளில் மாணவருக்கு உண்மையாகவே வேண்டியவை இரண்டு: எங்கே தொடங்குவது, எதை அச்சிடுவது.

ஏன் வைத்தார்கள்?

ஜாவாவை 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் அதைச் செய்தவர்களின் மனத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கவில்லை. பல பொறியாளர்கள் சேர்ந்து, பல கோப்புகளாக எழுதும் பெரிய நிரல்கள்தாம் இருந்தன. அங்கே எந்தப் பகுதியை யார் தொடலாம், எது வெளியே தெரியலாம் என்று எழுதி வைக்காவிட்டால் குழப்பம்தான்.

தோட்டத்தில் நானூறு பேர் வேலை செய்தால் செக்ரோல் வேண்டும், மண்டோர் வேண்டும், கணக்கு எழுதக் கிராணி வேண்டும். வீட்டுக் கொல்லையில் நாலு மிளகாய்ச் செடிக்கு எதற்குச் செக்ரோல்? ஜாவா முப்பது ஆண்டுகளாக மிளகாய்ச் செடிக்கும் செக்ரோல் கேட்டுக்கொண்டிருந்தது. வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் அது பரவியதால் பள்ளிகளும் கல்லூரிகளும் அதையே பாடமாக எடுத்துக்கொண்டன. பெரியவர்களுக்குத் தைத்த சட்டை அப்படித்தான் சிறுவர்களுக்கு வந்து சேர்ந்தது.

ஜாவாவின் வடிவமைப்புக்குப் பொறுப்பான பிரையன் கோட்ஸ், 2022 செப்டம்பரில் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். மாற்றம் உடனே வந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஜாவா 21-இல் முன்னோட்டமாக முதல் முறை வந்தது. பிறகு 22, 23, 24 என்று ஒவ்வொரு பதிப்பிலும் திருத்தி, நான்கு முன்னோட்டங்களுக்குப் பிறகே 25-இல் நிலையானது.

இடையில் நடந்த ஒரு திருத்தம் சுவையானது. 23, 24 பதிப்புகளில் 'ஐஓ' என்ற சொல்கூடத் தேவைப்படவில்லை, வெறும் பிரிண்ட்லைன் போதும் என்று இருந்தது. கடைசிப் பதிப்பில் அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள். காரணம், சிறிய நிரல் வளர்ந்து முழு வடிவத்துக்கு மாறும் நாளில், வெறும் பிரிண்ட்லைன் மட்டும் திடீரென்று வேலை செய்யாமல் போகும். அதைச் சரிசெய்ய இன்னொரு புதிய வரி தேவைப்படும். முதல் நாள் ஒரு சொல்லை மிச்சம் பிடித்து, மூன்றாம் மாதம் ஒரு புதிரைக் கொடுப்பதைவிட, அந்தச் சொல்லை இப்போதே எழுதிப் பழகட்டும் என்று முடிவு செய்தார்கள். சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

182,215 கிலோ கொழுந்து

சடங்கு வரிகள் குறைந்தால் என்ன லாபம்? தட்டச்சு மிச்சமாவது பெரிய லாபம் இல்லை. கவனம் மிச்சமாவதுதான் லாபம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்.

ஒருவர் ஒரு நாளில் மூன்று முறை கொழுந்து நிறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: காலையில் 18 கிலோ, நண்பகலில் 22, மாலையில் 15. மூன்றையும் விசைப்பலகையில் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரல் வேண்டும். பழைய ஜாவாவில் விசைப்பலகையிலிருந்து வாங்குவதற்கே, மேலே 'இம்போர்ட்' என்று தொடங்கும் ஒரு வரி எழுதி, 'ஸ்கேனர்' என்ற கருவியை உருவாக்கி, அதற்கு ஒரு பெயரும் வைக்க வேண்டும். புதிய வடிவத்தில் 'ஐஓ.ரீட்லைன்' என்ற பொருள்படும் ஒரே கட்டளை கேள்வியையும் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொள்ளும்.

மாணவர் மூன்றையும் வாங்குகிறார், கூட்டல் குறி போடுகிறார், இயக்குகிறார். திரையில் 55 வரவில்லை. 182215 என்று வருகிறது.

கணினி பொய் சொல்லவில்லை. விசைப்பலகையில் தட்டியது எதுவும் அதற்கு முதலில் எழுத்துதான். "18" என்பது ஒன்று, எட்டு என்ற இரண்டு எழுத்துகள். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஜாவா அவற்றை ஒட்ட வைக்கும். எண்ணாகக் கூட்ட வேண்டுமென்றால், "இதை எண்ணாக மாற்று" என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு 'இன்டிஜர்.பார்ஸ்இன்ட்' என்ற கட்டளை இருக்கிறது. பைத்தான் மொழியிலும் இதே கதைதான், அங்கே மாற்றும் கட்டளையின் பெயர் 'இன்ட்'.

எழுத்து வேறு, எண் வேறு. இதுதான் முதல் வாரத்தில் ஒரு பிள்ளை கற்க வேண்டிய உண்மையான பாடம். சம்பளக் கணக்கிலிருந்து வங்கி இயந்திரம்வரை எங்கும் தேவைப்படும் பாடம். திரையில் பத்துப் புரியாத சொற்கள் ஏற்கெனவே கிடந்தால், தவறு எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. அடைப்புக் குறி விட்டுப்போனதோ, ஸ்டேட்டிக்கில் பிழையோ, ஸ்கேனரில் கோளாறோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்படும். நான்கு சொற்கள் மட்டும் இருக்கும்போது சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு. தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். தானே கண்டுபிடித்த பிள்ளை அடுத்த வாரமும் வரும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன?

சுருக்கமாகத் தொடங்குவது புதிய எண்ணமும் இல்லை. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்று கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கிய பேசிக் மொழியில், ஒரு வரி எண்ணும் 'பிரிண்ட்' என்ற சொல்லும் போதுமாக இருந்தன. 1991-இல் வெளிவந்த பைத்தான் மொழியிலும் 'பிரிண்ட்' ஒன்று போதும். கீழ்ப் படிவங்களில் அடிப்படைக் கணினி அறிவியல் எடுத்த மாணவர்களில் பலர் ஸ்க்ராட்ச், பைத்தான் இரண்டையும் பார்த்தவர்கள். ஒரு சொல்லில் எழுதிப் பழகிய பிள்ளைதான் நான்காம் படிவத்தில் பன்னிரண்டைப் பார்த்து மிரள்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியலில் வரிசை தலைகீழ். அங்கே பிளஸ் ஒன்னில் சடங்கு மிகுந்த சி பிளஸ் பிளஸ், அடுத்த ஆண்டு பைத்தான்.

மைக்ரோசாப்டின் சி ஷார்ப் மொழி ஜாவாவுக்கு முந்திக்கொண்டது. 2020 நவம்பரில் வந்த அதன் 9-ஆம் பதிப்பில், கிளாஸும் மெயினும் இல்லாமல் கட்டளையை நேராக எழுதும் வசதி வந்தது. மறு ஆண்டு, புதிய நிரலைத் தொடங்கினாலே அந்தச் சுருக்க வடிவம்தான் திறக்கும் என்று ஆக்கினார்கள். உடனே எதிர்ப்பு கிளம்பியது. பாடநூலில் ஒன்று இருக்கிறது, திரையில் வேறொன்று வருகிறது என்பது ஒரு குறை. பழகிய வடிவத்தை ஏன் பறிக்கிறீர்கள் என்பது இன்னொன்று. 2022-இல், பழைய வடிவம் வேண்டுவோர் அதைத் தேர்ந்துகொள்ளும் பொத்தானைச் சேர்த்தார்கள்.

தமிழில் ஒரு வரி

சடங்கைக் குறைப்பதில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்தையா அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் 'எழில்' என்ற மொழியை 2007 வாக்கில் உருவாக்கத் தொடங்கினார். 2013-இல் அது எல்லாருக்கும் திறந்த மூலமாக வெளியானது. உள்ளே பைத்தானை அடித்தளமாகக் கொண்டது. அதில் மேலே சொன்ன கொழுந்துக் கணக்கு இப்படி இருக்கும்:

கொழுந்து = 18 + 22 + 15
பதிப்பி "இன்றைய கொழுந்து", கொழுந்து
@( கொழுந்து > 50 ) ஆனால்
  பதிப்பி "ஐம்பது கிலோவைத் தாண்டியது"
இல்லை
  பதிப்பி "ஐம்பது கிலோ ஆகவில்லை"
முடி

இங்கே கவனிக்க வேண்டியது சொற்கள் தமிழில் இருப்பது மட்டும் இல்லை. சொல்லின் வரிசை. ஆங்கிலத்தைப் பின்பற்றும் மொழிகளில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பிறகு. எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால். "கொழுந்து ஐம்பதுக்கு மேல் ஆனால்" என்று வீட்டில் பேசும் வரிசை அதுதான். தொடக்கத்தில் நிற்கும் அந்தச் சுழிக்குறி மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, அதுவும் ஒரு சிறு சடங்கு. எழிலில் எழுதி வேலை கிடைக்காது, எஸ்.பி.எம். தேர்விலும் அது வராது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு நிரல் என்றால் என்ன என்று ஒரு மாலை நேரத்தில் காட்ட, இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஜாவாவிலும் பைத்தானிலும்கூடக் கட்டளைச் சொற்கள்தாம் ஆங்கிலம். மதிப்புகளைப் போட்டு வைக்கும் மாறிகளுக்கு 'கொழுந்து', 'காலை', 'மாலை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். கணினி ஏற்றுக்கொள்ளும். இது பலருக்குத் தெரியாது. வீட்டில் பழகும்போது அப்படி வைத்தால், எது மொழியின் சொல், எது தான் வைத்த பெயர் என்பது பிள்ளைக்கு ஒரே பார்வையில் விளங்கும்.

மறைந்தது மறைந்தே இருக்காது

சுருக்க வடிவத்தை விரும்பாத ஆசிரியர்களும் உண்டு. எப்படியும் கிளாஸைப் படிக்கத்தானே போகிறார்கள், முதலிலேயே கண்ணில் படட்டுமே என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஜாவா 25-இல் கிளாஸ் ஒழிந்துவிடவில்லை. மாணவர் எழுதாததால், மொழியே பெயரில்லாத ஒரு கொள்கலனைத் திரைக்குப் பின்னால் செய்துகொள்கிறது. அந்தக் கொள்கலனைப் பெயர் சொல்லி இன்னொரு கோப்பு அழைக்க முடியாது. ஒரு கோப்பில் அடங்கும் வரைதான் இந்தச் சலுகை.

கொழுந்துக் கணக்கு ஒரு கோப்பு, சம்பளக் கணக்கு இன்னொரு கோப்பு என்று நிரல் பிரியும் நாளில் கிளாஸ் திரும்ப வரும். அதற்குப் பெயர் வரும், பப்ளிக்கும் வரும். ஆனால் அன்றைக்கு அது எதற்கு என்று மாணவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கோப்புகள் ஒன்றை ஒன்று தேடித் தவிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பெயர் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதல் நாளில் மனப்பாடமாக வந்த அதே சொல், அன்று தேவையாக வரும். அப்போது முன்பு எழுதிய வரிகளை அழிக்க வேண்டியதில்லை. அவற்றைச் சுற்றிக் கிளாஸ் வரியைப் போட்டால் போதும், உள்ளே இருப்பது அப்படியே இயங்கும்.

தேர்வுக்கு எது?

பெற்றோரும் மாணவரும் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளிப் பாடநூல் அச்சானது ஜாவா 25-க்கு முன்பு. அதில் இருப்பது பன்னிரண்டு சொல் வடிவம். தேர்விலும் பள்ளிப் பணிகளிலும் பாடநூலும் ஆசிரியரும் காட்டும் வடிவத்தையே எழுத வேண்டும். சுருக்க வடிவம் வீட்டில் பழகுவதற்கும், புரிந்துகொள்வதற்கும். நான்கு சொல்லில் ஒரு நிரலை ஓட வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அதையே பன்னிரண்டு சொல்லில் மாற்றி எழுதிப் பழகுவது நல்ல பயிற்சி. எந்தச் சொல் எதற்காகச் சேர்ந்தது என்று அப்போது கண்கூடாகத் தெரியும்.

வீட்டில் மடிக்கணினி இல்லாத பிள்ளைகளுக்கு, ஜாவாவின் 'டெவ் டாட் ஜாவா' என்ற அதிகாரபூர்வத் தளத்தில் 'பிளேகிரவுண்ட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எதையும் பதிவிறக்காமல், இணையம் கிடைக்கும் இடத்தில் கைப்பேசியிலேயே சில வரிகளை எழுதி இயக்கிப் பார்க்கலாம். கோப்பு, கோப்பின் பெயர் என்ற தொல்லை அங்கே இல்லை.

பள்ளிக் கணினியில் புதிய வடிவத்தை எழுதிப் பார்த்து, அது வேலை செய்யாமல் போனால் மாணவர் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டாம். முதலில் பதிப்பைப் பார்க்க வேண்டும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஜாவா என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு போட்டு, அதை ஒட்டியே வெர்ஷன் என்று தட்டினால் முதல் வரியில் ஓர் எண் வரும். அது 25 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு சொல் போதும். 21 முதல் 24 வரை என்றால் முன்னோட்ட வசதியைத் தனியாக இயக்கச் சொல்ல வேண்டும், கட்டளைகளும் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். 17, 11, அல்லது 1.8 என்று வந்தால், அந்தக் கணினிக்குப் பன்னிரண்டும் வேண்டும்.